வாசகர் கேள்வி – பதில்: சுபாவம் வேலை வாங்கித் தருமா?

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் கனடாவுக்குக் குடிவந்து வேலை தேடுவோருடையவை. ஊரில் நல்ல பதவியில் இருந்தவர்கள் இங்கே மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராமல் காத்திருக்கும்போது, "குறை என் குணத்தில்தானோ" என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். குணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் பலர் தேடும் இடத்தில் அது இல்லை. எது குணம், எது பழக்கம், எது நம் கையில் இல்லாத தடை என்று பிரித்துப் பார்த்தே பதில் எழுதியிருக்கிறோம். சட்டம், சேவைகள் பற்றிய விவரங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை.

கே: கோயம்புத்தூரில் பதினொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். இயல்பிலேயே அதிகம் பேசமாட்டேன். இங்கே வாய் உள்ளவர்களுக்குத்தான் வேலை என்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– வாசகர், ஸ்காபரோ

ப: பாதி உண்மை. உளவியலில் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பார்ப்பார்கள்: புதியதை நாடும் குணம், எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கும் குணம், கலகலப்பு, இணங்கிப் போகும் குணம், எளிதில் கலங்கும் தன்மை. பாரிக், மவுன்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1991-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். எல்லா வகைத் தொழிலிலும் நல்ல வேலைத்திறனோடு சேர்ந்து வந்த ஒரே குணம் ஒழுங்காகக் காரியம் முடிப்பதுதான். கலகலப்பு, விற்பனையிலும் மேலாளர் பதவிகளிலும் மட்டுமே கைகொடுத்தது. கணக்குப் பிரிவில் பதினொரு வருடம் தாக்குப்பிடித்தவரிடம் ஒழுங்காகக் காரியம் முடிக்கும் குணம் இல்லாமல் இருக்காது.

ஆனால் வேலையைச் செய்வது வேறு, வேலையைத் தேடிப் பிடிப்பது வேறு. வேலை தேடுவோர் பற்றி 2001-இல் வந்த தொகுப்பாய்வில், மும்முரமாகத் தேடுபவர்களிடம் இரண்டு குணங்கள் தூக்கலாகத் தெரிந்தன: ஒழுங்கும் கலகலப்பும். கலகலப்பானவர் பலரிடமும் பேசுகிறார். விளம்பரம் வருமுன்பே காலியிடம் இருப்பது அவர் காதில் விழுந்துவிடுகிறது. அமைதியானவர் இணையத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அந்த வித்தியாசத்தைக் கூட்டங்களில் நின்று அரட்டை அடிக்காமலே சரிக்கட்டலாம். நீங்கள் வளர்க்க வேண்டியது உங்களை அறிந்தவர்களின் எண்ணிக்கையை.

வழி இது. உங்கள் துறையில் உங்களைவிட ஒரு படி மேலே இருப்பவரை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். நிறுவனத் தலைவர் வேண்டாம். கணக்கு மேற்பார்வையாளர், மூத்த கணக்காளர் போதும். இருநூறு எழுத்துக்குள் ஒரு குறிப்பு எழுதுங்கள்: நீங்கள் யார், அவரிடம் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், இருபது நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா. இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகளே அனுப்பலாம் என்பதால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முன்னரே நான்கு கேள்வி எழுதி வையுங்கள்: மாத இறுதிக் கணக்கை உங்கள் இடத்தில் எத்தனை நாளில் முடிக்கிறீர்கள்? எந்த மென்பொருள்? புதிதாகச் சேர்பவர் முதலில் எங்கே திணறுகிறார்? இந்தத் துறையில் நான் பேச வேண்டிய இன்னும் இருவர் யார்? நான்காவதுதான் முக்கியம். அது கேட்கப்படாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சொன்ன நேரத்தில் நீங்களே அழைப்பை முடியுங்கள். அன்றைக்கே ஒரு நன்றி மடல், அவர் சொன்னதில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு. வாரம் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டாலே போதும். முன்கூட்டியே எழுதித் தயாராவது அமைதியானவர்களுக்குக் கைவந்த கலை. இந்த முறை அவர்களுக்கே பொருந்தும்.

பலர் தவறுவது முதல் குறிப்பில். "உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவர் கையில் வேலை இல்லை. இல்லை என்று சொல்லச் சங்கடம். அதனால் பதிலே வராது. தெரிந்ததைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் சொல்வார்கள். காலியிடம் இருந்தால் பேச்சின் நடுவே அவரே சொல்வார்.

கே: கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் தர மேற்பார்வையாளராக இருந்தேன். நேர்முகம் வரை போகிறேன், அதற்கப்பால் நகரவில்லை. "தன்னம்பிக்கை போதாது" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பெருமை பேசுவது எங்கள் வளர்ப்பில் இல்லை.
– வாசகி, மார்க்கம்

ப: தன்னம்பிக்கை என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் உங்கள் மனநிலையைப் பற்றியதாக இருக்காது. ஓரளவு பெரிய நிறுவனங்களில் நேர்முகம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எதிரே இருப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அதே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். "ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பம் சொல்லுங்கள்" என்றால், அந்தப் பெட்டியில் அவர் எழுத வேண்டியது நீங்கள் செய்த காரியம். "நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், மேலதிகாரி வழிகாட்டினார், சரியாகிவிட்டது" என்றால் எழுத ஒன்றும் இல்லை. அந்த வெற்றுப் பெட்டிக்குத்தான் "தன்னம்பிக்கை போதாது" என்று பெயர் வைக்கிறார்கள்.

பதிலை நான்கு துண்டாக அமையுங்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு. மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். நிலைமைக்குப் பதினைந்து விநாடி, பொறுப்புக்குப் பத்து, செய்ததற்கு ஒரு நிமிடம், விளைவுக்கு இருபது விநாடி. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொழிற்சாலை எவ்வளவு பெரியது, எந்த நாட்டுக்கு ஏற்றுமதி என்று நிலைமைக்கே ஒரு நிமிடம் போய்விடும். தான் செய்ததைச் சொல்லும் இடத்தில் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் துறையிலேயே ஒரு மாதிரி: "கப்பலுக்கு நான்கு நாள் இருக்கும்போது சட்டைகளில் தோள் தையல் பிரிந்து வந்தது. அந்த வரிசைகளின் தரம் என் பொறுப்பு. நான் கழிவான சட்டைகளை வரிசை வாரியாகப் பிரித்தேன். எட்டில் இரண்டு வரிசைகளிலிருந்து மட்டுமே வருவது தெரிந்தது. அந்த இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி ஊசியையும் நூல் இறுக்கத்தையும் சோதித்தேன். தேய்ந்த ஊசிகளை மாற்றவைத்தேன். அதன்பின் ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் ஐந்து சட்டைகளை இழுத்துப் பார்க்கும் சோதனையை நுழைத்தேன். கழிவு நூற்றுக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது, சரக்கு தேதிக்குப் போனது." எண்கள் உங்களுடைய உண்மை எண்களாக இருக்கட்டும். இதில் ஒரு பெருமைச் சொல்கூட இல்லை. நடந்ததை "நான்" என்ற எழுவாயோடு சொன்னதுதான். குழுவுக்குரிய நன்றியைக் கடைசி வாக்கியத்தில் சொல்லலாம்.

இப்படி ஆறு சம்பவங்கள் தயார் செய்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்: ஒரு சிக்கல், ஒரு மனத்தாங்கல், ஒரு தவறு, ஒரு அவசரக் கெடு, ஒரு மாற்றம், நீங்களாக முன்வந்து செய்த ஒன்று. வாய்விட்டுச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது. வாய் தடுமாறும் இடம் அப்போது தெரியாது.

கே: எனக்கு ஆள்பலம் நிறைய. கோயில், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், எல்லா இடமும் போவேன். கிடைத்ததெல்லாம் கிடங்கு வேலையும் சமையலறை வேலையும்தான். நான் படித்தது மின் பொறியியல்.
– வாசகர், ஏஜாக்ஸ்

ப: உங்கள் கலகலப்பு வேலை செய்கிறது, ஆனால் அது ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரிடம் "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்" என்று கேட்ட விவரம் வருகிறது. அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் நூற்றுக்கு 56. மிக அரிதாக என்றவர்கள் 28. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும் என்பதே காரணம். சங்கத்தில் இருக்கும் அண்ணன்மார் கிடங்கில் இருந்தால் கிடங்குச் செய்திதான் வரும்.

அதற்காகச் சங்கத்தை விட வேண்டாம். கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "அண்ணை, ஒரு வேலை பாருங்கோ" என்பதை விட்டு, "மின்சாரம் வழங்கும் நிறுவனத்திலோ கட்டட மின்வடிவமைப்பிலோ வேலை செய்கிற ஒருவரை உங்களுக்குத் தெரியுமா? பேர் மட்டும் சொன்னால் போதும்" என்று கேளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பல துறைகளில் இருக்கிறார்கள். பெற்றோரிடம் கேட்டால் அந்தத் தொடர்பு வரும்.

பொறியியலுக்கு இன்னொரு நல்ல செய்தி. ஒன்ராறியோவில் பொறியாளர் உரிமம் வழங்கும் அமைப்பு, கனடாவில் பெற்ற அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கிவிட்டது. பொதுவாக 48 மாத அனுபவம் தேவை. அது இலங்கையில் பெற்றதாகவும் இருக்கலாம். தகுதிகளை ஒவ்வொன்றாக எழுதி, அதை நேரில் கண்டவர் உறுதிசெய்ய வேண்டும். பழைய மேலதிகாரி ஓய்வுபெற்றோ இடம் மாறியோ போவதால்தான் பலருடைய கோப்பு நின்றுவிடுகிறது. அவர்களின் மின்னஞ்சலையும் சம்மதத்தையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

கே: விண்ணப்பித்த கையோடு ஒரு ஆளுமைச் சோதனை வருகிறது. "நான் விருந்துகளில் பேச்சைத் தொடங்குவேன்" போன்ற நூறு வாக்கியங்கள். எது சரியான விடை?
– வாசகி, மிசிசாகா

ப: எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விடை இல்லை. ஆனால் புலம்பெயர்ந்தவர்கள் தம்மை அறியாமல் மதிப்பெண் இழக்கும் இடங்கள் உண்டு.

முதலாவது, யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பது. "நான் ஒழுங்கானவள்" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது நம் மனம் அம்மாவோடும் பழைய அலுவலகத்தோடும் ஒப்பிடுகிறது. கண்டிப்பான இடத்தில் வளர்ந்தவர் தன்னைச் சுமாரானவராகக் குறிப்பார்; தளர்வான இடத்தில் வளர்ந்தவர் அதே நடத்தைக்கு முழு மதிப்பெண் போடுவார். உளவியலாளர்கள் பல நாடுகளை ஒப்பிடும்போது இந்தக் கோளாறைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே விடை குறிக்கும் முன் கடந்த ஆண்டு வேலையிடத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். கெடு தவறியதுண்டா? இல்லையென்றால் முழு ஒப்புதல் குறிப்பதில் பொய் ஏதும் இல்லை.

இரண்டாவது, நடுவிடை. அடக்கத்தினால் எல்லாவற்றுக்கும் "ஓரளவு" என்று போட்டால், எந்தக் குணமும் இல்லாத ஆள் போல அறிக்கை வரும். மூன்றாவது, பாசாங்கு. அதே விஷயம் முப்பது வாக்கியம் தள்ளி வேறு சொற்களில் திரும்ப வரும். முன்னதற்கு எதிராகக் குறித்தால் முரண்பாட்டு எண்ணிக்கை கூடும். "நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை" போன்ற வாக்கியங்கள் யார் தங்களை மிகைப்படுத்துகிறார்கள் என்று பார்க்கவே வைக்கப்பட்டவை.

நேர எல்லை இல்லாத சோதனை என்றால் பேருந்தில் கைபேசியில் செய்யாதீர்கள். வீட்டில் கணினியில், புரியாத ஆங்கிலத் தொடர்களை அகராதியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எதிர்மறை வாக்கியத்தை அவசரத்தில் நேர்மறையாகப் படிப்பதால் விழும் தவறுகள் ஏராளம்.

கே: என் பெயர் நீளம். பெயரைச் சுருக்கி ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள் என்கிறார்கள். "கனடிய அனுபவம் இல்லை" என்றும் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இதற்கும் என் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், பிரம்ப்டன்

ப: இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ரொறன்ரோவில் பொருளியலாளர் பிலிப் ஒரியோபோலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை ரெசுமேக்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 2009-இல் வெளியான அறிக்கையின்படி, ஆங்கிலப் பெயரும் கனடியப் படிப்பும் அனுபவமும் உள்ள ரெசுமேக்களில் நூற்றுக்கு 16-க்கு நேர்முக அழைப்பு வந்தது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயரோடு வெளிநாட்டுப் படிப்பும் அனுபவமும் உள்ளவற்றுக்கு 5 மட்டுமே. பிரிட்டனிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் இல்லை. காகிதத்தில் இருந்த ஒருவருக்குச் சுபாவமே கிடையாது. கலகலப்பாகப் பேசவோ கூச்சப்படவோ அங்கே ஆள் இல்லை. அப்படியும் கதவு மூடியது. நூறு விண்ணப்பத்துக்கு ஐந்து அழைப்பு வந்தால் அது உங்கள் ஆளுமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

அதே தரவை நிறுவனத்தின் அளவு வாரியாகப் பிரித்து 2018-இல் வந்த கட்டுரை நடைமுறைக்கு மிகவும் உதவும். எல்லாத் தகுதியும் கனடாவிலேயே பெற்றிருந்தும் ஆசியப் பெயர் உள்ளவர்களுக்கு, 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் அழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. நடுத்தர, சிறு நிறுவனங்களில் 40 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. பெரிய இடங்களில் ஆள் எடுக்கத் தனிப்பிரிவும் நடைமுறையும் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இணையத்தில் நேரடியாகப் போடும் விண்ணப்பங்களைப் பெரிய நிறுவனங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், நகராட்சிகள் பக்கம் கூட்டுங்கள். சிறிய நிறுவனங்களுக்குத் தெரிந்தவர் வழியாகப் போங்கள். நேரில் பார்த்த ஆள் என்றால் அங்கே பெயர் பெரிதாகத் தடுப்பதில்லை.

பெயரை மாற்றுவது உங்கள் சொந்த முடிவு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டோம். நீளமான பெயரில் எல்லோரும் அழைக்கும் பகுதியைத் தடித்த எழுத்தில் முதலில் போட்டாலே அழைப்பவரின் தயக்கம் குறையும். ரெசுமேயில் படம், வயது, திருமண நிலை, மதம், தந்தை பெயர் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள் நிறுத்துங்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் பெயருக்கு அருகே ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: என்ன தொழில், எத்தனை ஊழியர்கள். படிப்புக்கு நேரே, அது எந்தக் கனடியப் படிப்புக்குச் சமம் என்று மதிப்பீட்டு நிறுவனம் சான்று தந்ததை எழுதுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதல் பார்வைக்கே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013-இலேயே கொள்கை அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று எழுதக் கூடாது. நேர்முகத்துக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் அப்படி எழுதியிருந்தால் திகதி தெரியும்படி படம் பிடித்து வைத்து, தொழில் அமைச்சில் முறையிடலாம். பாகுபாடு நடந்ததாகக் கருதினால் மனித உரிமை சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தரும். மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம்.

ஒரு நேர்முகத்தில் அந்தக் கேள்வி வாய்மொழியாக வந்தால் வாதாட வேண்டாம். "இந்தப் பணியில் எந்தப் பகுதிக்கு அந்த அனுபவம் தேவைப்படுகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சட்ட விதிகளா, வாடிக்கையாளர் பேச்சா, மென்பொருளா என்று அவர் பதிலில் தெரியும். அந்தப் பகுதிக்கு நேராக உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கே: என் கணவர் வந்து பத்து மாதமாகிறது. எப்போதும் சுறுசுறுப்பாக இருந்தவர். இப்போது பகலில் தூக்கம், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். "உன் குணமே மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் சோம்பேறி ஆகிவிட்டாரா?
– வாசகி, ஸ்காபரோ

ப: குணம் மாறிப்போனது என்று நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 6,769 பேரின் ஆளுமையை நான்காண்டு இடைவெளியில் இருமுறை அளந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வேலையிழந்து வேலையில்லாமலே இருந்தவர்களிடம் இணக்கம், ஒழுங்கு, புதியதை நாடும் தன்மை ஆகியவை மாறியிருந்தன. இடையில் மீண்டும் வேலை கிடைத்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. வேலையில்லாமை மனிதரைத் தேய்க்கிறது. அவரைச் சோம்பேறி என்று சொல்வது, காயத்தைக் குணம் என்று சொல்வதாகும்.

அவருக்கு இப்போது தேவை அறிவுரை அல்ல, நாளுக்கு ஒரு அமைப்பு. காலையில் குறித்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறி நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். மூன்று மணி நேரத் தேடல், அதற்குமேல் வேண்டாம். ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: திகதி, நிறுவனம், யாரிடம் பேசினேன், அடுத்து என்ன. கிடைத்த நேர்முகங்களை எண்ண வேண்டாம், செய்த முயற்சிகளை எண்ணுங்கள். முயற்சி அவர் கையில் இருக்கிறது, அழைப்பு இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையிழந்தோருக்காக உருவான ஒரு பயிற்சியில் சிறப்பான பகுதி ஒன்று உண்டு: ஏமாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராவது. குழுவாக உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன கைவிட்டுப் போகலாம்" என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடியை அப்போதே எழுதிவிடுவார்கள். வேண்டாம் என்று மடல் வந்தால் அன்று மாலை நடை, மறுநாள் காலை அடுத்த விண்ணப்பம். அடி விழுந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால்தான் முன்பே எழுதுவது. இத்தகைய பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்தியம் மற்றவர்களைவிட 2.67 மடங்காக இருந்தது. திறனை மட்டும் கற்றுக்கொடுத்த இடங்களைவிட, ஊக்கத்தையும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் பலன் அதிகம். புதிதாக வந்தோருக்கான வேலைவாய்ப்பு மையங்களில் இலவசக் குழுப் பயிற்சிகள் நடக்கின்றன. 211-ஐ அழைத்தால் அருகில் உள்ளதைச் சொல்வார்கள். தனியாகத் தேடுவதைவிட அங்கே ஐந்து பேரோடு உட்காருவது அவருக்கு நல்லது.

தற்காலிக வேலை ஒன்று எடுப்பதானால் மாலை அல்லது வார இறுதி ஷிஃப்ட் பாருங்கள். ஆள் எடுப்பவர்கள் அழைப்பது வேலை நாளில், பகலில். கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய பகல் ஷிஃப்டில் அந்த அழைப்புகள் எல்லாம் தவறிப்போகும். அந்த வேலையை ரெசுமேயில் ஓரிரு வரியாகப் போடலாம். இங்குள்ள ஒரு மேற்பார்வையாளர் உங்களுக்காகச் சொல்வது பெரிய பலம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லை என்றால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் மாகாணம் நடத்தும் இலவச உளச்சிகிச்சைத் திட்டம் உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் காத்திருக்கவே வேண்டாம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கே: வேலை தருகிறோம் என்றவுடன் சம்பளம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டேன். தவறா?
– வாசகர், விட்பி

ப: தவறு என்று சொல்லமாட்டோம், ஆனால் விலை உண்டு. இணங்கிப் போகும் குணம் அதிகமுள்ளவர்கள் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆண்களிடம் வித்தியாசம் ஏறத்தாழ 18 சதவீதம், பெண்களிடம் 5. முதல் சம்பளம் அடுத்த உயர்வுகளுக்கெல்லாம் அடிப்படை என்பதால் அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

25 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள ஒன்ராறியோ நிறுவனங்கள் 2026 முதல் விளம்பரத்தில் சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும்; இரு எல்லைக்கும் இடையே 50,000 டொலருக்கு மேல் இடைவெளி கூடாது. ஆண்டுக்கு 200,000 டொலருக்கு மேற்பட்ட வேலைகளுக்கு இது பொருந்தாது. ஆக, நீங்கள் கேட்பது அவர்களே எழுதிய வரம்புக்குள் ஓர் எண்ணைத்தான். நன்றி சொல்லுங்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், மறுநாள் இரண்டு காரணமும் ஓர் எண்ணும் சொல்லுங்கள். சொன்னபின் பேசாமல் இருங்கள். பலர் அந்த மௌனத்தைத் தாங்காமல் தாங்களே குறைத்துவிடுகிறார்கள்.

கே: நாற்பது வயதுக்கு மேல் சுபாவத்தை மாற்ற முடியுமா?
– வாசகர், மார்க்கம்

ப: ஓரளவு முடியும். சிகிச்சை, பயிற்சி மூலம் குணம் மாறுகிறதா என்று 200-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வந்த தொகுப்பு, சராசரியாக 24 வாரத்தில் அளவிடக்கூடிய மாற்றம் தெரிவதாகச் சொல்கிறது. அதிகம் மாறியது மனக்கலக்கம்; அடுத்தது கலகலப்பு. ஆனால் "இனி தைரியமாக இருப்பேன்" போன்ற பொதுவான உறுதிமொழிகளால் பயன் இல்லை. "செவ்வாய்க்கிழமை மதிய உணவில் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பேன்" என்று நாளும் இடமும் செயலும் குறித்தவர்களிடமே மாற்றம் தெரிந்தது. வேலை தேடுவோருக்கு நாங்கள் சொல்வது இன்னும் எளிது: குணம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். நேர்முகத்தில் தேவைப்படுவது நாற்பது நிமிட நடத்தை. அதற்கு ஒத்திகை போதும்.

கே: தொலைபேசி மணி அடித்தாலே கை நடுங்குகிறது. ஆங்கிலத்தில் நேரில் சமாளிப்பேன். ஃபோனில் எதிரே இருப்பவர் சொல்வது பாதி புரிவதில்லை.
– வாசகி, ரொறன்ரோ

ப: இது பதற்றமும் கேட்கும் பழக்கமும் கலந்தது. ஃபோனில் உதட்டசைவு இல்லை, குரலின் ஒரு பகுதியும் வெட்டுப்பட்டு வரும். ஊரில் வேறு உச்சரிப்புக்குப் பழகிய காதுக்குச் சிரமமாகத்தான் இருக்கும். கனடிய மொழி அளவுகோலில் (CLB) நிலை 6 முதல் 8 வரை உள்ள புதுக்குடியேறிகளுக்கு ஒன்ராறியோ கல்லூரிகளில் தொழில்வாரி ஆங்கிலப் பயிற்சி இலவசமாக நடந்து வந்தது; இப்போதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஃபோன் பேச்சு அதில் ஒரு பாடமாக வருகிறதா என்று சேரும்போதே கேளுங்கள்.

அதுவரை சில ஏற்பாடுகள். விண்ணப்பித்த எல்லா வேலைகளின் பெயரும் திகதியும் ஒரு தாளில், ஃபோனுக்குப் பக்கத்தில். எந்த நிறுவனம் என்று தெரியாமல் திணறுவதுதான் பதற்றத்தின் பெரும்பகுதி. தெரியாத எண் வந்து, பேருந்திலோ சமையலறையிலோ இருந்தால் எடுக்க வேண்டாம். குரலஞ்சலில் விடட்டும், கேட்டுவிட்டுத் தயாராகி அன்றே திரும்ப அழையுங்கள். அதற்கு உங்கள் குரலஞ்சல் ஒழுங்காக இருக்க வேண்டும்: உங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்லும் பத்து விநாடி ஆங்கில வாழ்த்து, பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லாமல். பெட்டி நிரம்பிவிட்டால் செய்தி விட முடியாது, எனவே வாரம் ஒருமுறை பழையதை அழியுங்கள். புரியாவிட்டால் "மன்னிக்கவும், கடைசிக் கேள்வியை இன்னொரு முறை சொல்வீர்களா" என்று கேட்பது குறையே அல்ல. அழைப்பை முடிக்கும் முன் நாள், நேரம், சந்திப்பவரின் பெயர் மூன்றையும் திருப்பிச் சொல்லி, மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள்.